அவள் தூக்கியெறிந்த மாத்திரை

என் ஓரகத்தி தன்னுடைய இரும்புச்சத்து மாத்திரையைச் சமையலறை ஜன்னல் வழியாக வெளியே வீசியதை நான் பார்த்துவிட்டேன். அவளுக்கு அப்போது நான்காம் மாதம் முடியப்போகிறது, எனக்கு மூன்றாம் மாதம். அபூர்வமாக வெயில் அடித்த காலை அது. பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சிவப்பாக ஏதோ ஒன்று பறந்துவந்து செடிக்குள் விழுந்தது. நிமிர்ந்தால் ஜன்னலில் அவள் முகம். மாட்டிக்கொண்டது தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, அத்தைகிட்ட சொல்லிறாதீங்க. அதை முழுங்கினாலே குமட்டுது."

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வயிறு எரிந்தது. பிடிக்காத மாத்திரையை அவளால் வீசியெறிய முடிகிறது. வீசிவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கவும் முடிகிறது. நான் அப்படி ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டால் அடுத்த நாள் எங்கே விழுந்து கிடப்பேன் என்று எனக்கே தெரியாது.

நாங்கள் இருப்பது நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில். மாமனார் இங்கே வெடிமருந்து ஃபாக்டரியில் ரிடையர் ஆன பணத்தில் கட்டிய மாடி வீடு. அவர் இப்போது இல்லை. மாடியில் நானும் கணவரும், கீழே கொழுந்தனும் அவன் மனைவியும். அத்தை இரண்டு வீட்டுக்கும் பொது. கணவருக்கு அப்பாவைப் போலவே ஃபாக்டரி வேலை. கொழுந்தன் வெலிங்டனில் ராணுவத்துக்கு லாரி ஓட்டும் சிவிலியன் டிரைவர். அவன் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண் இவள். ஊர் பந்தலூர் பக்கம். அப்பா அம்மா இருவரும் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள். வந்த புதிதில் அத்தை அவளோடு சரியாகப் பேசவே மாட்டாள். உண்டானது தெரிந்த அன்றைக்கே எல்லாம் மாறிவிட்டது.

எனக்கு ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது வலிப்பு வந்தது. காலைப் பிரேயரில் வரிசையில் நின்றவள் அப்படியே சாய்ந்தேன். அப்புறம் வகுப்பில், கல்யாண மண்டபத்தில், ஒருமுறை பேருந்தில். கடைசியில் வால்ப்ரோயேட் என்ற மாத்திரை எனக்கு ஒத்துக்கொண்டது. அதன்பிறகு வலிப்பு வரவேயில்லை. கல்லூரி முடித்ததும், குன்னூரில் தேயிலைத் தரகர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், கல்யாணம் ஆனதும் எல்லாம் அந்த மாத்திரையின் தயவில்தான். பெண் பார்க்க வந்த அன்றே அப்பா எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். "சக்கரைக்கு மாத்திரை போடறதில்லீங்களா, அந்த மாதிரிதானுங்க," என்றார் என் கணவர். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கல்யாணமான கொஞ்ச நாளில் கோயம்புத்தூரில் என்னைப் பார்க்கும் நரம்பியல் டாக்டரம்மாவிடம் போனோம். குழந்தை வேண்டும் என்று நினைப்பதற்கு முன்னாலேயே வரவேண்டும் என்று அவர் பல வருஷமாகச் சொல்லிவந்தார். வால்ப்ரோயேட் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு நல்லதில்லை என்று அன்றைக்கு விளக்கினார். முதுகுத்தண்டு, இதயம், அண்ணம் இவற்றில் குறை வரலாம், பிறந்த பிறகு பேச்சிலும் படிப்பிலும் பின்தங்கலாம். எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஆவதில்லை, ஆனாலும் மாற்றிவிடுவதுதான் நல்லது. அதனால் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, லெவெடிரசிடம் என்ற புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சில மாதம் பார்த்துவிட்டு அதற்கப்புறம் குழந்தை. திட்டம் அதுதான்.

மாற்றிக்கொண்டிருக்கும்போதே எனக்கு நாள் தள்ளிப்போய்விட்டது.

அதே மாதம்தான் கீழ்வீட்டிலும் செய்தி. அவள் உண்டானதே அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ அஜீரணம் என்று கஷாயம் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அத்தை தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். நான் மாடியில் கட்டிலில் உட்கார்ந்து, இதுவரை விழுங்கிய பழைய மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பயந்துட்டு மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"இல்லீங்க டாக்டர். உங்களைக் கேக்காம நிறுத்தக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க."

"நல்ல காரியம் பண்ணுனீங்க. திடீர்னு நிறுத்தினா வர்ற வலிப்பு உங்களுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து."

"இதுவரைக்கும் சாப்ட்டதுக்கு என்னங்க ஆகும்?"

அவர் என் ஃபைலைப் புரட்டினார். "டோஸ் நல்லா குறைஞ்சிருந்தது. டோஸ் குறையக் குறைய ஆபத்தும் குறையும். ஆனா ஒண்ணுமே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஸ்கேன்ல பாக்கலாம். ஸ்கேன்ல தெரியாததும் சிலது இருக்கு, அதை குழந்தை வளரும்போதுதான் பாக்க முடியும்."

பிறகு இரண்டு வழிகளைச் சொன்னார். மீதியிருக்கும் பழைய மாத்திரையையும் விரைவாகக் குறைத்து நிறுத்திவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொள்வது ஒன்று. அதில் குழந்தைக்கு ஆபத்து குறைவு, ஆனால் எனக்கு வலிப்பு திரும்ப வரலாம். பழையதைக் கொஞ்சமாக வைத்துக்கொள்வது இன்னொன்று. அதில் நான் விழாமல் இருப்பேன், குழந்தையைப் பற்றிய பயம் கூடும். "என்னோட யோசனை முதல் வழி. ஆனா விழப்போறது நீங்க. அதனால முடிவு உங்க கையில இருக்கணும். வெளிய போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

எதிரில் இருந்த கடையில் நின்றோம். கணவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "எனக்கு நீதான் முக்கியம். நீ என்ன சொல்றயோ அதுதான்," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கோ கோபம் வந்தது. எந்தப் பக்கம் போனாலும் பழி எனக்குத்தான் என்று பட்டது. அந்த நேரத்தில் கீழ்வீட்டில் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசித்தேன். டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். மாங்காய் தின்றுகொண்டிருப்பாள். அவளை யாரும் டீக்கடைக்கு அனுப்பி, உன் உடம்பா குழந்தையா என்று யோசித்துவிட்டு வா என்று சொல்லவில்லை.

பழையதை நிறுத்திவிடுகிறேன் என்று உள்ளே போய்ச் சொன்னேன்.

புதிய மாத்திரையின் அளவு ஏறியபோது எனக்கு வேறொரு முகம் வந்தது. தோசை முறுகிவிட்டதற்காக அத்தையிடம் கத்தினேன். அலுவலகத்தில் மேனேஜர் இருமினால்கூட எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல் எல்லாம் கடைசியில் வடிந்து சேரும் இடம் கீழ்வீடு. அவள் வேகமாக மாடிப்படி ஏறி வருவாள். நான் இறங்கினால் அத்தை முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் கொழுந்தனோடு பைக்கில் ஊட்டிக்குப் போய் குதிரைச் சவாரி பார்த்துவிட்டு, பஜ்ஜி தின்றுவிட்டு வருவாள். நான் குளியலறைத் தாழ்ப்பாளைக்கூடப் போட்டுக்கொள்ளக் கூடாது. அவளிடம் அத்தை, "என்ன சாப்டற கண்ணு?" என்பாள். என்னிடம், "மாத்திரை சாப்டியா அம்மிணி?" என்பாள். அவள் வயிற்றைத் தடவிப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லி விளையாடுவார்கள். என் வயிற்றைத் தொடுவதற்கே யாருக்கும் தைரியமில்லை. எனக்கும்தான்.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது கணவரை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "டாக்டர், இந்த மாத்திரையில கோவம் வரும்னு சொன்னீங்க. பொறாமையும் வருங்களா?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "யார் மேல?"

சொன்னேன். மாத்திரையை வீசியது, பைக்கில் போனது, மாங்காய் எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"எரிச்சல், அழுகை, மனசு கீழ போறது எல்லாம் இந்த மாத்திரையில வரலாம். ரொம்ப அதிகமானா, செத்துப்போகலாம்னு தோணுச்சுன்னா, அன்னைக்கே எனக்கு ஃபோன் பண்ணணும். பொறாமைக்கு மாத்திரைதான் காரணமான்னு எனக்குத் தெரியாதும்மா. உங்க இடத்துல இருந்தா எனக்கு மாத்திரை இல்லாமலே வந்திருக்கும்."

அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கூடவே ஏமாற்றமாகவும் இருந்தது. மாத்திரைதான் காரணம் என்று சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குக் கோயம்புத்தூர் போனோம். ஸ்கேன் பார்த்த டாக்டர் ஒவ்வொரு இடமாக நிறுத்திச் சொல்லிக்கொண்டே வந்தார். முதுகுத்தண்டு சரியாக இருக்கிறது, இதயத்தில் அறைகள் சரி, உதடு சரி. ஒவ்வொரு 'சரி'க்கும் மூச்சை விட்டேன். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது பல மாதத்துக்குப் பிறகு பசித்தது. வழியில் நிறுத்தி இருவரும் பிரியாணி சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்தால் அவளும் அன்றைக்கு மதியம் குன்னூரில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருந்தாள். தள்ளித் தள்ளிப் போட்டு, அத்தை விரட்டிய பிறகு போயிருக்கிறாள். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் நார்மல்னாங்க அக்கா. அதை விடுங்க. பாப்பா கையை ஆட்டுச்சு! இப்பிடி, இப்பிடி. டாட்டா காட்டற மாதிரி!" என்று கையை ஆட்டிக் காட்டினாள். கொழுந்தனும் கூடவே ஆட்டினான்.

நான் மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவ்வளவு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தும் என் குழந்தை கையை ஆட்டியதா என்று எனக்குத் தெரியவில்லை. குறை தேடிப் பார்த்தவளுக்குக் குழந்தை கண்ணில் படவில்லை. அவளுக்குப் பட்டிருக்கிறது. அன்றைக்கு அவள்மேல் வந்த ஆத்திரத்தைப்போல் அதற்கு முன்னும் பின்னும் யார்மேலும் எனக்கு வந்ததில்லை.

ஏழாம் மாதம் தொடங்கியபோது ஒரு விடுமுறை நாள். அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். கணவருக்கு அன்றைக்கும் டியூட்டி. உறைமோர் வாங்கக் கீழே போனேன். அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். "உக்காருங்க அக்கா, உங்களுக்கும் சேத்துப் போடறேன்," என்றாள். நான் அடுப்புப் பக்கம் நின்றது நினைவிருக்கிறது. வாயில் ஒரு உலோகச் சுவை வந்தது. பள்ளியில் படிக்கும்போது வரும் அதே சுவை. அவ்வளவுதான்.

கண் விழித்தபோது ஒருக்களித்துப் படுத்திருந்தேன். தலைக்கு அடியில் அவளுடைய ஸ்வெட்டர் மடித்து வைத்திருந்தது. எட்டு மாத வயிற்றோடு தரையில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்திருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அம்மா சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"சாவியெல்லாம் வேண்டாங்க, தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்," என்று அவரை அதட்டினாள் அவள். பிறகு என்னிடம், "அக்கா, ஒண்ணுமில்ல. நம்ம ஊட்லதான் இருக்கீங்க. ஆட்டோ வருது," என்றாள்.

குன்னூர் மருத்துவமனையில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வைத்தார்கள். ஓடுகிற மாதிரி சத்தம். நன்றாக இருக்கிறது என்றார்கள். கணவர் ஃபாக்டரியிலிருந்து வந்து சேரும்வரை அவள்தான் என் பக்கத்தில் இருந்தாள். நாக்கைக் கடித்திருந்ததால் எனக்குப் பேச்சு குழறியது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உங்களுக்கு மாத்திரை மாத்தறாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே மாமாகிட்ட கேட்டு வச்சிருந்தேன். வாயில ஒண்ணும் வைக்கக்கூடாது, பிடிச்சு அமுக்கக்கூடாது, சைடா திருப்பணும், மணி பாக்கணும்னு சொன்னாரு." என் தலையணையைச் சரிசெய்தாள். "மாமா உங்களோட ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு வர்றாருல்ல அக்கா. எனக்கு அதைப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்கும்."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"நெசமாத்தான். இவரு அந்த ஒரு ஸ்கேனுக்குத்தான் வந்தாரு. மத்ததுக்கெல்லாம் நான் தனியாத்தான் போறேன். எங்கம்மாவுக்கு எனக்கு முன்னாடி ரெண்டு குழந்தை பொறந்து செத்துப்போச்சு. எதனாலன்னு யாருக்கும் தெரியாது. எஸ்டேட்ல யாரு சொல்லுவாங்க? எனக்கும் அப்பிடி ஆயிருமோன்னு பயந்துட்டேதான் இருக்கேன். உங்களுக்கு எதுக்குப் பயப்படணும்னாவது ஒரு டாக்டர் உக்காந்து சொல்லியிருக்காங்க. எனக்கு எதுக்குப் பயப்படறதுன்னே தெரியல. அதான் எதையும் நெனைக்காம சுத்திட்டே இருக்கேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை மாதம் நான் வளர்த்துவைத்திருந்த பொறாமைக்கு அவள் பாட்டுக்குப் பங்கு கேட்கிறாளே என்றிருந்தது. தூக்கம் வருகிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் போர்வையை என் கால்வரைக்கும் இழுத்துவிட்டாள்.

மறுபடியும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அத்தை சொல்லிப் பார்த்தாள். "பழைய மாத்திரையிலயே நல்லாத்தானே இருந்த அம்மிணி. ஸ்கேன்லதான் எல்லாம் சரின்னுட்டாங்களே. அதையே போட்டுக்க. விழுந்து தொலைச்சீன்னா என்ன பண்றது?" அதில் நியாயம் இருப்பதுபோல் எனக்கும் பட்டது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பழைய மாத்திரையின் அட்டை இன்னும் அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கர்ப்பம் வளர வளர இந்த மாத்திரையை உடம்பு வேகமாக வெளியேற்றிவிடும், அதனால் ரத்தத்தில் அளவு குறைந்திருக்கும். பழையதற்குத் திரும்பலாம், ஆனால் குழந்தையின் மூளை கடைசி மாதம்வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது, முதுகுத்தண்டு உருவாகிவிட்டால் ஆபத்து தீர்ந்ததாக அர்த்தமில்லை. லாமோட்ரிஜின் என்று இன்னொன்று உண்டு, மனசுக்கு இதமானது, ஆனால் மெல்ல மெல்லத்தான் ஏற்ற முடியும். அது வேலைசெய்ய ஆரம்பிப்பதற்குள் பிரசவமே வந்துவிடும். இல்லையென்றால் இப்போது இருப்பதையே கூட்டலாம்.

"கூட்டினா கோவமும் கூடலாம். ஊட்ல தாங்குவாங்களா?" என்று கணவரைப் பார்த்தார்.

"இப்பவே தாங்கிட்டுத்தானுங்க இருக்கறோம்," என்றார் அவர்.

மூவரும் சிரித்தோம். கூட்டச் சொன்னேன். இந்தமுறை டீக்கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

கோபம் கூடத்தான் செய்தது. வலிப்பு வரவில்லை.

எனக்கு முன்னால் அவளுக்குப் பையன் பிறந்தான். ஒரு நாளுக்கு மேல் வலியெடுத்தும் வெளியே வராமல், கடைசியில் ஆபரேஷன். பார்க்கப் போனபோது முகமெல்லாம் வெளிறிக் கிடந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். துணியை விலக்கி அவன் முதுகைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. என்னுடையதும் இப்படி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அவனைத் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்குக் கோயம்புத்தூரில் பெண் பிறந்தாள். சுகப்பிரசவம். குழந்தைகள் டாக்டர் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறாள் என்றார். மாத்திரை கலந்த பால் என்று பார்க்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தாராளமாகக் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நின்றுகொண்டு குளிப்பாட்டக் கூடாது, தரையில் உட்கார்ந்துதான் பால் கொடுக்க வேண்டும் என்பதுபோன்ற விதிகள் மட்டும் எனக்கு இருந்தன. அவள் மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் கண் எரியும்.

அதைவிடக் கொடுமை பேச்சு. அவள் பையன் ஒரு வயதிலேயே காக்காவைக் கூப்பிட்டான், பஸ்ஸைக் கூப்பிட்டான், "பெய்யம்மா" என்று என்னைக் கூப்பிட்டான். என் பெண் கையைக் காட்டுவாள், சிரிப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். முதல் மாதங்களில் விழுங்கிய அந்தப் பழைய மாத்திரை ஒவ்வொரு நாளும் என் முன்னால் வந்து நின்றது. அவன் புதிதாக ஒரு வார்த்தை சொல்லும்போதெல்லாம் எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் தட்டுவேன். மாடிக்கு வந்து என் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, "காக்கா சொல்லு, காக்கா சொல்லு," என்று கெஞ்சுவேன்.

டாக்டரம்மா பரிசோதனைக்கு அனுப்பினார். காது நன்றாகக் கேட்கிறது, சொல்வது புரிகிறது, சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும் என்றார்கள். மாத்திரையாலா என்று கேட்டேன். சொல்ல முடியாது, கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார்கள். இரண்டு வயது நெருங்கும்போது ஒரு மாலை, பால் வாங்கிக்கொண்டு வந்த தன் அப்பாவிடம் என் பெண், "செப்பல் கழட்டு," என்றாள். அம்மா இல்லை, அப்பா இல்லை. நான் தினமும் அவரைத் திட்டும் வார்த்தைதான் அது. அவர் செருப்போடு வாசலில் நின்று அழுதார்.

இப்போது பால்வாடிக்குப் போகிறாள். வாயை மூடுவதில்லை. எண்கள் மட்டும் கொஞ்சம் மெதுவாக வருகின்றன. ஒவ்வொரு வருஷமும் காட்டிக்கொண்டிருக்கிறோம். பால் மறந்ததும் என்னை லாமோட்ரிஜினுக்கு மாற்றினார்கள். கோபம் வடிந்துவிட்டது. அத்தை இப்போது என் தோசையைக் குறை சொல்லும் அளவுக்குத் தைரியம் பெற்றுவிட்டாள். பொறாமை மட்டும் முழுசாகப் போகவில்லை.

போன மாதம் அவள் மாடிக்கு வந்து கதவருகில் நின்றாள். மறுபடி உண்டாகியிருக்கிறாள். "வெள்ளிக்கிழமை ஸ்கேன் இருக்கு அக்கா. இவரு லீவு கேக்கலையாம். நீங்க வர்றீங்களா?"

என் கணவர் இரண்டாவதைப் பற்றி அவ்வப்போது ஜாடையாகக் கேட்பார். முதலில் டாக்டரம்மாவைக் கேட்போம் என்று நான் தள்ளிக்கொண்டே வருகிறேன். இவள் எதையும் யாரையும் கேட்காமல் நிற்கிறாள். சரி, வருகிறேன் என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தாள். குன்னூர் ஸ்கேன் சென்டரில் கூட்டம். அவளைக் கூப்பிட்டபோது பையை என் மடியில் வைத்துவிட்டு, "இதோ வந்தறேன் அக்கா," என்று உள்ளே போனாள். கதவு சாத்தியது. பழைய எரிச்சல் மெல்ல ஏறி வந்தது. அதோடு மல்லுக்கட்டாமல் உட்கார்ந்திருந்தேன். பையில் அவள் தனக்காகப் பேக்கரியில் வாங்கி வைத்திருந்த வர்க்கிப் பொட்டலம் இருந்தது. பிரித்து ஒன்றை எடுத்துக் கடித்தேன். நல்ல வெண்ணெய் வர்க்கி. அவள் வெளியே வருவதற்குள் முக்கால்வாசியைத் தின்று தீர்த்துவிட்டேன்.